குழம்பு மஞ்சளும் குப்பி மஞ்சளும்

மருத்துவமனையில் சேரும் ஒவ்வொருவரிடமும் செவிலியர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?" சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, இதய மருத்துவர் எழுதிய மாத்திரை எனப் பதில் வரும். அத்துடன் பட்டியல் முடிந்துவிடும். அதே அலமாரியில், அதே மாத்திரைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் மஞ்சள் கேப்சூல் குப்பியைப் பெரும்பாலோர் குறிப்பிடுவதில்லை. அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. மஞ்சளை மருந்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. பொங்கல் பானையின் கழுத்தில் கட்டுவதும், புத்தாடையின் ஓரத்தில் தடவுவதும், நாள்தோறும் சாம்பாரில் கொதிப்பதுமான ஒரு பொருளைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல என்ன இருக்கிறது?

சொல்ல நிறையவே இருக்கிறது. குழம்பில் உள்ள மஞ்சளும் குப்பியில் உள்ள மஞ்சளும் பெயரால் ஒன்றே. உடலுக்குள் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. அந்த வேறுபாட்டை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்விதழில் இப்பாடத்தை எழுதுகிறோம்.

அளவில் உள்ள வேறுபாடு

மஞ்சளுக்கு நிறம் தருபவை குர்க்குமினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருள்கள். அவற்றுள் முதன்மையானது குர்க்குமின். மஞ்சள் தூளின் எடையில் அது ஏறத்தாழ 3 விழுக்காடே இருக்கும். வகைக்கு வகை சற்றுக் கூடும், குறையும். ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 3 கிராம் எடை கொண்டது. அப்படியானால் அதில் உள்ள குர்க்குமின் 90 மில்லிகிராம் அளவே. நால்வர் உண்ணும் சாம்பாரில் நாம் இடுவது அரைத் தேக்கரண்டி. ஒருவர் தட்டுக்கு வந்து சேர்வது 10 அல்லது 12 மில்லிகிராம்.

இனி குப்பியை எடுத்துப் பாருங்கள். "500 மி.கி., 95 விழுக்காடு குர்க்குமினாய்டுகள்" என அச்சிட்டிருப்பது வழக்கம். அதாவது ஒரு கேப்சூலில் 475 மில்லிகிராம். அதைத் தூளிலிருந்து பெற வேண்டுமானால் ஏறக்குறைய 5 தேக்கரண்டி மஞ்சளை விழுங்க வேண்டும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் நாளொன்றுக்கு 10 தேக்கரண்டி. எந்த வீட்டிலும், எந்தக் காலத்திலும் ஒருவர் அப்படி உண்டதில்லை. "நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாக உண்டது" என்ற சொற்றொடர் குழம்புக்குப் பொருந்தும், கேப்சூலுக்குப் பொருந்தாது.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த வல்லுநர் குழு, உணவு நிறமியாகச் சேர்க்கப்படும் குர்க்குமினுக்கு ஒரு வரம்பு வகுத்துள்ளது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். இது வாழ்நாள் முழுவதும் உண்டாலும் கேடில்லை என்ற கணக்கில் வகுத்த வரம்பு என்பதால், ஒருநாள் மீறினால் நஞ்சாகிவிடும் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் அதைப்போல் ஐந்து மடங்கு உண்பவர் உணவின் எல்லையைக் கடந்து மருந்தின் எல்லைக்குள் வந்துவிட்டார் என்பதை அது காட்டுகிறது.

உடலின் காவலும் மிளகின் வேலையும்

குர்க்குமின் குடலில் எளிதில் உட்கவரப்படுவதில்லை. உட்புகும் சிறு பங்கையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே பிடித்து, வேறு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. பல நூற்றாண்டுகளாக மஞ்சள் நமக்குத் தீங்கு செய்யாமல் இருந்ததற்கு இந்தக் காவலும் ஒரு காரணம்.

பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் மிகவும் பேசப்படுவது. நலமான தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்க்குமின் கொடுத்தபோது, அவர்கள் குருதியில் அது கண்டறிய இயலாத அளவிலோ மிகச் சொற்பமாகவோதான் இருந்தது. அதனுடன் மிளகின் காரப்பொருளான பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உட்கவர்வு 2000 விழுக்காடு கூடியது. இந்த எண்ணை இன்று பல குப்பிகளின் மேலட்டையில் பெருமையுடன் அச்சிடுகிறார்கள். ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கணக்கிட்ட உயர்வு அது என்பதை மட்டும் அச்சிடுவதில்லை.

மிளகு இதை எப்படிச் செய்கிறது? காவலர்களின் கையைக் கட்டிப்போட்டுத்தான். குர்க்குமினை மாற்றி வெளியேற்றும் கல்லீரல் நொதிகளையும், குடற்சுவரில் அயற்பொருள்களை வெளியே தள்ளும் புரதங்களையும் பைப்பெரின் மட்டுப்படுத்துகிறது. இதே காவலர்கள்தாம் நீங்கள் உண்ணும் மாத்திரைகள் பலவற்றையும் அளவாக வைத்திருக்கிறார்கள். வலிப்புக்கான ஃபெனிட்டோயின், இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் புரோபிரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் குருதி அளவு பைப்பெரினால் உயர்வது மனிதர்களிடமே ஆராய்ந்து காணப்பட்டிருக்கிறது. மருத்துவர் எழுதிய அளவு மாறவில்லை. உடலில் தங்கும் அளவு மாறிவிடுகிறது.

"மிளகு ரசத்திலும் பைப்பெரின் உண்டே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உண்டு, ஒருவர் பங்கு ரசத்தில் அதற்கு நிகரான அளவுகூட இருக்கலாம். ஆனால் ரசத்தில் கிராம் கணக்கில் குர்க்குமின் இல்லை. நாள் தவறாமல் இருவேளை, மாதக்கணக்கில் யாரும் அதை அளந்து விழுங்குவதும் இல்லை. மிளகு சேர்க்காத குப்பிகளும் உள்ளன. அவற்றில் கொழுப்புப் பொருளுடன் பிணைத்தோ, நுண்துகளாக்கியோ உட்கவர்வை உயர்த்துகிறார்கள். வழி எதுவாயினும் நோக்கம் ஒன்றே: உடல் உள்ளே விடாததை உள்ளே நுழைப்பது.

எதிர்ப்பாற்றலும் அழற்சியும்

கொரோனா காலத்தில் இக்குப்பிகள் பல வீடுகளுக்குள் வந்தன. அயல்நாட்டில் இருக்கும் மகனோ மகளோ பெற்றோருக்கென வாங்கி அனுப்புவதும் உண்டு. அந்த அன்பைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. குப்பியின் வாசகத்தைத்தான் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு வரியில் "நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்" என்றிருக்கும். அடுத்த வரியில் "அழற்சியைத் தணிக்கும்" என்றிருக்கும். அழற்சி என்பது எதிர்ப்பாற்றல் செய்யும் வேலைகளில் ஒன்று. காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பது எதிர்ப்பணுக்கள் அங்கு வந்து பணி செய்வதன் அடையாளம். பணியாளரைப் பெருக்குவேன், பணியையும் குறைப்பேன் என்று ஒரே பொருள் ஒரே நேரத்தில் உறுதி சொல்வது எப்படி?

முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குகிறது. அந்நோயாளிகளுக்கு மருத்துவர் கொடுப்பது எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கும் அதுவே. இவர்களுக்கு "எதிர்ப்பாற்றல் பெருகும்" என்பது நற்செய்தி ஆகாது. எதிர்ப்பாற்றல் கூட்டினால் நன்மை, குறைத்தால் தீமை என்று எண்ணும்படி அமைந்ததன்று. அளவும் இடமும் தவறினால் அதுவே நோய்.

ஆய்வுக்கூடத்தில் குர்க்குமின் அழற்சியைத் தூண்டும் செய்திப் பாதைகளைத் தடுப்பது உண்மை. கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களின்மேல் ஊற்றும் செறிவு, மனிதக் குருதியில் எட்டக்கூடிய செறிவைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு அதிகம் என்பதும் உண்மை. மருந்து வேதியியல் அறிஞர்கள் சிலர் 2017-இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வில், 120-க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகள் நடந்திருந்தும், போலி மாத்திரையுடன் ஒப்பிட்ட முறையான ஆய்வு எதிலும் குர்க்குமின் தெளிவான வெற்றி பெறவில்லை என எழுதினர். அம்முடிவை மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன, அவற்றை மறைப்பது முறையாகாது. தாய்லாந்தில் மூட்டுத் தேய்மானம் கொண்ட 367 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு உண்டவர்களுக்கும் 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபன் உண்டவர்களுக்கும் 4 வாரங்களில் முழங்கால் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. வயிற்று உபாதை மஞ்சள் தரப்பில் குறைவு. போலி மாத்திரை உண்ட மூன்றாம் குழு அந்த ஆய்வில் இல்லை என்பது அதன் குறை. பெருங்குடல் புண் அழற்சி நோய் அடங்கியிருந்த 89 பேரிடம் ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்துடன் குர்க்குமினும் சேர்த்து உண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. இவை மருத்துவர் மேற்பார்வையில் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் கருத்து இதுதான். வேறு மருந்து எதுவும் உண்ணாத, கல்லீரலும் பித்தப்பையும் நலமாக உள்ள ஒருவர், முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டு மாதம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். சளி, காய்ச்சல், தொற்று வராமல் காக்கும் என்று நம்பி ஆண்டு முழுவதும் உண்பதற்கு நாங்கள் பரிந்துரைக்கத்தக்க சான்று இல்லை. அந்தப் பணத்தில் முதியவர் ஒருவருக்கு நிமோனியா, இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டால் பயன் உறுதியாகக் கிடைக்கும்.

கல்லீரல் தரும் எச்சரிக்கை

அண்மை ஆண்டுகளில் எங்களை மிகவும் கவனம் கொள்ளச் செய்தது கல்லீரல் பாதிப்பு. மஞ்சள் மாத்திரை உண்டவர்களிடம் கல்லீரல் அழற்சி கண்ட நிகழ்வுகள் இத்தாலியில் தொடர்ந்து பதிவானதால், 2022-இல் அந்நாட்டு அரசு குப்பிகளில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவில் மருந்துசார் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் ஆய்வுக் கூட்டமைப்பு 2022-இல் 10 நோயாளிகளை விவரித்தது. ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். பதின்மரில் எழுவரிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது. மாத்திரை தொடங்கி ஒன்று முதல் நான்கு மாதங்களுக்குள் நோய் வெளிப்பட்டது.

உண்போர் தொகையை நோக்க இது அரிதுதான். யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே அறிய எளிய சோதனை நடைமுறையில் இல்லாததால் அறிகுறிகளை அறிந்திருப்பது அவசியமாகிறது. பசியின்மை, குமட்டல், காரணம் தெரியாத சோர்வு, உடல் அரிப்பு, தேநீர் நிறத்தில் சிறுநீர், வலப்பக்க விலாவின் கீழ் வலி, கண்களில் மஞ்சள். இவற்றுள் கடைசியானதைப் பற்றி ஒரு சொல். "மஞ்சள் மாத்திரை உண்கிறார், அதனால்தான் கண் மஞ்சளாக இருக்கிறது" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்ள வாய்ப்புண்டு. மாத்திரையின் நிறம் மலத்தில் தெரியலாம். கண்ணின் வெண்மையில் ஏறாது. கண் மஞ்சளானால் அது காமாலை. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். பிலிருபினும் எஸ்.ஜி.பி.டி.யும் பார்க்க ஒரு குருதிச் சோதனை போதும். பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மாத்திரையை நிறுத்தியபின் தேறிவிட்டனர்.

எவருக்கு எச்சரிக்கை அதிகம் தேவை

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்போரை முதலில் சொல்ல வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவர்கள், கால் நரம்பில் இரத்தம் உறைந்தவர்கள் வார்ஃபரினோ அசிட்ரோமோ உண்டு, மாதந்தோறும் ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். நியூசிலாந்தில், வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அவரது ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியதாக அந்நாட்டு மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் அறிவித்தது. அந்த அளவில் மூளையிலோ குடலிலோ தானாகவே குருதி கசியலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் உண்போருக்கும் கவனம் தேவை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் மாதக்கணக்கில் வார்ஃபரினுடன் மஞ்சள் மாத்திரையும் உண்டு வந்திருந்தால், வார்ஃபரின் அளவு அந்த மாத்திரையோடு சேர்த்தே சரிசெய்யப்பட்டிருக்கும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு அவர் மாத்திரையை மட்டும் சொல்லாமல் நிறுத்தினால், ஐ.என்.ஆர். இறங்கி வால்வில் இரத்தம் உறையக்கூடும். ஆகவே தொடங்கும்போது சொல்வதைப் போலவே நிறுத்தும்போதும் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். மீண்டும் பார்க்க வேண்டும்.

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர் உண்ணும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவு மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டியது. மஞ்சளை மிகுதியாக உண்ட ஒருவருக்கு டாக்ரோலிமஸ் குருதியில் கூடிச் சிறுநீரகம் பாதித்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. இவர்களுக்கு எங்கள் அறிவுரையில் விதிவிலக்கே இல்லை: குப்பி மஞ்சள் வேண்டாம்.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்போரின் வீடுகளில்தான் மஞ்சளின்மேல் நம்பிக்கை அதிகம். ஏதாவது ஒன்றைத் தங்கள் கையால் செய்ய வேண்டும் என்ற குடும்பத்தாரின் தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில், மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் உண்ணும் பெண்கள் 16 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சிறிய ஆய்வில், மிளகுச் சத்துடன் குர்க்குமின் சேர்த்தபோது அம்மருந்தின் செயலூக்கமுள்ள வடிவம் குருதியில் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்தது. இங்கே மிளகு அளவைக் கூட்டவில்லை, குறைத்தது என்பதைப் பாருங்கள். எந்த மருந்து எத்திசையில் நகரும் என்பதை ஊகத்தால் சொல்ல இயலாது. கீமோதெரபி நாள்களில் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலின்றி எந்த மூலிகைச் செறிவும் வேண்டாம் என்பது அதனால்தான்.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். குர்க்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்வதால் பித்தக்கல் உள்ளவருக்கு வலி கிளம்பலாம். மஞ்சளில் ஆக்சலேட் மிகுதி. அவ்வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்க்கலாம். குர்க்குமின் இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதால் இரத்தசோகைக்கு மாத்திரை உண்போர் விழிப்பாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். கர்ப்பிணிகள் சமையல் மஞ்சளோடு நின்றுகொள்வது நல்லது.

சமையல் மஞ்சளைப் பற்றியும்

சமையல் மஞ்சளை விலக்கச் சொல்லவில்லை என்பதை இத்தனைக்கும் பிறகு தெளிவாக்கிவிடுகிறோம். மேற்சொன்ன நோயாளிகள் அனைவரும் வழக்கமான சாம்பார், கூட்டு, ரசம் உண்ணலாம். இரவில் மஞ்சள் பால் குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் 2020-இல் சொன்ன அளவு 150 மில்லி சூடான பாலுக்கு அரைத் தேக்கரண்டி. அந்த அளவுக்குள் பெரும்பாலோருக்கு இடையூறில்லை. சர்க்கரை நோயாளிகள் மஞ்சளைவிட அதில் கலக்கும் பனங்கற்கண்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

தூளின் தூய்மையில் மட்டும் கவனம் வேண்டும். வங்கதேசத்தில் நிறம் பளிச்சிடுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் பூசப்படுவதை ஆய்வாளர்கள் 2019-இல் வெளிப்படுத்தினர். அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்ததால், சந்தை மாதிரிகளில் 47 விழுக்காடாக இருந்த கலப்படம் 2021-இல் இல்லாமலே போனது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. விரலி மஞ்சளை வாங்கிக் கழுவி, காயவைத்து அரைக்கும் பழக்கம் உள்ள வீடுகள் அதை விடாதிருப்பது நன்று. கண்ணைப் பறிக்கும் பளீர் மஞ்சள் தரத்தின் அடையாளமாகாது. கஸ்தூரி மஞ்சள் பூச்சுக்கு உரியது, குழம்புக்கு வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது

மாத்திரைப் பையில் அந்தக் குப்பியையும் போட்டு எடுத்து வாருங்கள். பெயரை மட்டும் நினைவில் வைத்துச் சொன்னால் போதாது. ஒரே நிறுவனத்தின் இரு குப்பிகளில் ஒன்றில் மிளகுச் சத்து இருக்கும், மற்றொன்றில் இராது. கொண்டுவர இயலாவிட்டால் பின்புறச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். மருந்தகத்தில் உள்ள மருந்தாளுநர் அதில் குர்க்குமின் எத்தனை மில்லிகிராம், பைப்பெரின் உண்டா, நீங்கள் உண்ணும் மற்ற மருந்துகளுடன் ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்வார். சித்த மருத்துவர் எழுதிக்கொடுத்த சூரணமோ மாத்திரையோ இருந்தாலும் அதையும் காட்டுங்கள். இங்கே எழுதிய மருந்துச்சீட்டை அவரிடமும் காட்டுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வரும் பிள்ளைகள், பெரியவர் சொல்லத் தயங்கினால் தாங்களே எடுத்துச் சொல்லலாம். எப்போது தொடங்கினார்கள், நாளுக்கு எத்தனை, கடைசியாக எப்போது உண்டார்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வந்தால், செவிலியர் அதை அப்படியே நோயாளியின் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வார்.